இடப்பக்கத்துக் கீழ்க்கோடு

கடலூர் துறைமுகத்தில் வயர்லெஸ் செட்டு, எடை மெஷின், எமர்ஜென்சி லைட்டு, எது செத்தாலும் கண்ணாயிரத்திடம்தான் வந்து சேரும். சாமான் வரும், ஆள் நிற்காது. மேஜையில் வைத்துவிட்டு, என்ன கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏலக்கூடத்துக்கு ஓடிவிடுவார்கள். நின்று பேசினால் கண்ணாயிரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று துறைமுகம் முழுக்கப் பெயர். அது பொய்யும் இல்லை. ஆனால் அவர்கள் ஓடிய பிறகு கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதை ஒருவரும் கண்டதில்லை.

தகரம் போட்ட சின்னக் கொட்டகை. தெற்கே பார்த்த வாசல். சிப்காட் ஆலைகளின் நெடி வந்தால் தென்காற்று, மீன் நாற்றம் மட்டும் வந்தால் வாடைக்காற்று. திசை தெரிய அவருக்குக் காற்றாடி வேண்டாம். கொட்டகையின் முதுகில் ஒரு மூங்கிலை நட்டு, அதன் உச்சியில் ஏரியல் கட்டியிருந்தார். உடைத்து விற்ற ஒரு விசைப்படகிலிருந்து கழற்றி வந்த பழைய வயர்லெஸ் செட்டு ஒன்று அலமாரியில் இருந்தது. அது மட்டும் ரிப்பேருக்கு வந்தது இல்லை. அவருடையது.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இருபது வயதில் விசைப்படகில் ஏறி, டிரைவராகி, நல்லபடியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தார். ஒருநாள் கடலில் வைத்து இன்ஜின் பெல்ட்டில் இடதுகை போய் மூன்று விரல் நசுங்கியது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். கயிறு பிடிக்க ஆகாத கையைப் படகில் எவன் வைத்துக்கொள்வான். சிதம்பரத்தில் மேலவீதிக்குப் பின்னால் ஜெயசீலன் என்று ஒருத்தர் ரேடியோ, கால்குலேட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அங்கே போய், ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோல் பிடிக்கக் கற்றுக்கொண்டார்.

ஜெயசீலன் முதலில் சொல்லிக்கொடுத்தது கண்ணாடி எண். எடை மெஷினிலும் வயர்லெஸ்ஸிலும் சாம்பல் கண்ணாடியில் கறுப்பாய் எண் தெரிகிறதே, அது விளக்கு இல்லை. ஒவ்வொரு எண்ணும் ஏழு கோடு. எந்தக் கோடு கறுக்க வேண்டும், எது வெளுக்க வேண்டும் என்று கீழே போர்டில் இருக்கிற ஐ.சி. என்கிற சில்லு தீர்மானிக்கும். ஐ.சி.யின் பேச்சைக் கண்ணாடிக்குக் கொண்டுபோவது நடுவில் நெருக்கி வைத்திருக்கும் ஒரு ரப்பர் பட்டை. கறுப்பும் வெள்ளையுமாய் மெல்லிய அடுக்கு, பார்த்தால் ரப்பர் என்றே தோன்றாது. ஒரு கோடு காணவில்லை என்றால் எடுத்த எடுப்பில் ஐ.சி.யைக் குறை சொல்லக் கூடாது. முதலில் செட்டைப் போடு. போட்டதும் எல்லாக் கோடும் ஒரு சிமிட்டு சிமிட்டிக் காட்டும், அதைப் பார். பிறகு கண்ணாடி ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்கு. கோடு வந்துவிட்டால் பட்டையில் அழுக்கு. வராவிட்டால் பட்டையை மாற்றிப் போடு. அதற்கும் வராவிட்டால்தான் ஐ.சி.

"அண்ணே, பேட்டரிய மட்டும் நேரா அதுல வெச்சிப் பாத்துடாதீங்க," என்று ஜெயசீலன் சொல்லியிருந்தார். கண்ணாயிரம் கேட்கவில்லை. டார்ச் லைட்டு பல்பைச் சோதிப்பதுபோல் பேட்டரியை வைத்தார். எண் கறுத்துத் தெரிந்தது. சந்தோஷப்பட்டு அப்படியே விட்டு வைத்தார். மறுநாள் அந்தக் கண்ணாடி செத்துப்போயிருந்தது. "இது மாறிமாறி ஆடுற கரண்டுலதான் உசுரோட இருக்கும். ஒரே பக்கமா புடிச்சி வெச்சா மூச்சு முட்டிப் பூடும்," என்றார் ஜெயசீலன். திட்டவில்லை. அதனால்தான் மறக்கவில்லை.

இந்த வேலைக்கு இரண்டு கையும் போதாது. போர்டு ஒரு கை, பட்டை ஒரு கை, கண்ணாடி ஒரு கை. கண்ணாயிரத்திடம் இருந்தது ஒன்றரைதான். மீதியைப் பெண்டாட்டி குப்பு பார்த்துக்கொண்டாள். மீன் கழுவிய கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவாள். பிடி என்றால் பிடிப்பாள், விடு என்றால் விடுவாள். வாய் மட்டும் நிற்காது. ஊர்க்கதை முழுக்க அந்த மேஜைக்கு மேல்தான் ஓடும். கண்ணாயிரம் உம் கொட்டுவார். பிள்ளை இல்லை. பேச்சுக்கு அவள், கேட்பதற்கு அவர், அவ்வளவுதான் குடும்பம்.

இரண்டாயிரத்து எட்டு ஆடியில் குப்பு மஞ்சள் காமாலையில் போனாள்.

அவள் தம்பி பக்கிரி, முடசலோடைக்காரன். சிதம்பரத்திலிருந்து கிள்ளை பஸ் பிடித்துப் போகவேண்டிய ஊர். அக்கா காரியத்துக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. பெண்டாட்டி பிள்ளையை அங்கே விட்டுவிட்டு இங்கேயே ஒரு பைபர் போட்டில் ஏறிக்கொண்டான். மத்தியானம் கடலுக்குப் போவான், வலை விட்டதும் வயர்லெஸ்ஸில் கூப்பிடுவான். "மாமா, வல உட்டாச்சி," என்பான். "சரி," என்பார் இவர். கரைக்கு வந்தால் சோறாக்குவான். ராத்திரி பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுவான். அந்தக் குறட்டை இல்லாவிட்டால் அந்த இரண்டு மாதத்தில் தனக்கு என்ன ஆகியிருக்கும் என்று கண்ணாயிரம் யோசித்துப் பார்த்ததில்லை. யோசிக்கப் பயம்.

ஆயுத பூஜை வந்தது. குப்பு இருந்தவரை அவள்தான் எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைப்பாள். அந்த வருஷம் கண்ணாயிரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கிரிதான் கொட்டகையைக் கூட்டி, சந்தனம் குழைத்து, சூட்டுக்கோலில் ஆரம்பித்து ஒவ்வொன்றுக்கும் வைத்தான். வயர்லெஸ் செட்டுக்கு மட்டும் கண்ணாடி ஓரத்தில் ஒரு கை நிறைய எடுத்து அப்பினான். "அக்கா கையி எனக்கு வராது மாமா. இருந்தாலும் வெக்காம உடக் கூடாது," என்றான். நடுவில் குங்குமத்தையும் அமுக்கி வைத்தான்.

அதற்கு மறுவாரம் பக்கிரியின் சின்னப் பிள்ளைக்கு ஜுரம் என்று ஆள் வந்தது. போவதா வேண்டாமா என்று அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பெண்டாட்டி பிள்ளை தவிக்க இவன் தன்னோடு கிடக்கிறானே என்று கண்ணாயிரத்துக்கு உறுத்தல். அதை உறுத்தலாய்ச் சொல்லத் தெரியாது அவருக்கு.

"போடா. அக்காளே பூட்டா, ஒனக்கு இங்க இன்னம் என்னா வேல," என்றார்.

பக்கிரியின் முகம் ஒரு மாதிரி ஆனது. பையை எடுத்துத் தோளில் போட்டான். வாசலில் நின்று, "எங்க ஊரு போட்டெல்லாம் அறுவத்தொம்போதுலதான் பேசும். நானும் அதுலதான் இருப்பேன். கூப்புடு மாமா," என்றான். போய்விட்டான்.

கண்ணாயிரத்தின் செட்டு எப்போதும் அறுபத்தேழில் இருக்கும். அது உள்ளூர்ப் படகுகளின் சேனல். சேனல் எண்ணை ஏற்றுகிற மேல்பொத்தானை அமுக்கினார், அறுபத்தொன்பது வந்தது. வலை விடுகிற நேரம் பார்த்து, "மச்சான்," என்று கூப்பிட்டார். இரைச்சல். மறுநாளும் இரைச்சல். செட்டில் கோளாறோ என்று அறுபத்தேழுக்கு இறங்கிப் பார்த்தார். உள்ளூர்ப் படகுகள் தெளிவாகக் கேட்டன, கூப்பிட்டால் பதிலும் வந்தது. செட்டு சரி. ஆகவே மனுஷன்தான் சரியில்லை. திரும்பவும் மேல்பொத்தானை அமுக்கி, அறுபத்தொன்பது தெரிந்ததும் கையை எடுத்தார். எத்தனை தரம் அமுக்கினோம் என்று எவன் எண்ணுவான்.

ஐப்பசி மழை வந்து போனது. அன்றைக்குச் சொன்ன சொல் அவனுக்கு உள்ளே போய்த் தைத்துவிட்டது என்று கண்ணாயிரம் முடிவுக்கு வந்தார். பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு வருடாவருடம் வருவான். சீர் வாங்க அக்கா இல்லை, அவன் வரவில்லை. அதுவும் முறைதானே, யாரைக் குறை சொல்ல. செல்போன் இவரிடமும் கிடையாது, அவனிடமும் கிடையாது. மாதம் ஒருமுறை சாமான் வாங்கச் சிதம்பரம் போகும்போது பஸ் ஸ்டாண்டில் கிள்ளை பஸ் நிற்கும். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப்பெயரைக் கத்துவான். கண்ணாயிரம் அதைத் தாண்டிக் கடலூர் பஸ்ஸில் ஏறிவிடுவார். போ என்று சொன்ன வாயால் போய் நின்று என்ன கேட்பது. வேண்டியவன் என்றால் கூப்பிட்டிருப்பான்.

ஆனாலும் செட்டை அறுபத்தொன்பதை விட்டு மாற்றவில்லை. காலையில் கொட்டகையைத் திறந்ததும் அலமாரிக்குப் பின்னால் குனிந்து, ஒன்றரைக் கையால் பேட்டரி கிளிப்பைக் கவ்வ வைப்பார். இரைச்சல் ஆரம்பிக்கும். சாயங்காலம் கழற்றுவார், நிற்கும். கூப்பிடுவதை எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே நினைவில்லை. கேட்பதை நிறுத்தவில்லை. அந்த இரைச்சலை ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டார்.

மறு ஆயுத பூஜைக்கு அவர் பொட்டு வைக்கவில்லை. கொட்டகையைத் திறக்கவும் இல்லை.

பூஜை போய் இரண்டு மூன்று நாள் கழித்து, மத்தியானம் தாண்டிய வேளை, மீன் விற்கிற சின்னம்மாள் தன் எடை மெஷினைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள். குப்புவோடு ஒரே அன்னக்கூடையில் மீன் எடுத்து விற்றவள். கண்ணாயிரத்தின் மூஞ்சிக்குப் பயப்படாத ஆள் அவள் ஒருத்திதான்.

"இந்தா, இதப் பாரு. எட்டு கிலோ வெச்சா முட்ட காட்டுது. ஏலக்கூடமே சிரிக்குது என்னப் பாத்து."

"எப்பலேருந்து?"

"பூசக்கி மறுநாளுலேருந்து. சாமி குத்தமோ என்னமோ."

மெஷினைப் போட்டார். எல்லா எண்ணும் எட்டாகச் சிமிட்டியதில் ஒன்றுக்கு நடுக்கோடு இல்லை. கண்ணாடி ஓரத்தை அமுக்கினார், நடுக்கோடு வந்தது. விட்டார், போனது. திருகாணி நான்கையும் கழற்றிக் கண்ணாடியைத் தூக்கினால் ரப்பர் பட்டையின் ஓரம் மஞ்சளாய் இருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"என்னாத்த ஊத்துன இதுமேல?"

"ஊத்தல. பொட்டு வெச்சேன்."

"பொட்டா இது. பொண்ணுக்கு நலங்கு வெச்சாப்புல வெச்சிருக்க. கண்ணாடி ஓரத்துல ஈரச் சந்தனத்த அப்புனா உள்ள எறங்காதா? காஞ்சி பொறுக்கு கட்டிக்கும். ஐ.சி. என்னா கத்துனாலும் கண்ணாடிக்குக் கேக்காது. மெஷினு முதுவுல வெச்சா ஒன் சாமி ஒத்துக்காதா?"

சின்னம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பேசறாரு பாரு. மொதல்ல ஒன் செட்டு மூஞ்சியப் பாரு. போன வருசத்துப் பொட்டு அது. கொளம் வத்துன சேறு கணக்கா வெடிச்சிக் கெடக்குது. அதத் தொடைக்க ஆளக் காணும், என்னத் திட்ட வந்துட்டாரு."

கண்ணாயிரம் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் பக்கிரி வைத்த சந்தனம். தினம் பார்க்கிறதுதான். துடைக்காமல் விட்டதும் தெரிந்தேதான். அதற்கு மேலே எண் தெரிந்தது. அறுபத்தொன்பது.

"யாரு வெச்சது, நீயா?"

"மச்சான்."

"பக்கிரியா? அவன் எங்க, ஆளே காணும்?"

கண்ணாயிரத்தின் கண் அந்த எண்ணிலேயே நின்றது. எழுந்துபோய் கிளிப்பைக் கழற்றினார். இத்தனை நாள் பின்னால் குனிந்துகொண்டுதான் மாட்டியிருக்கிறார், சிமிட்டுகிற நேரம் அவர் தலை அலமாரிக்குப் பின்னால் இருந்திருக்கிறது. இப்போது செட்டை மேஜைக்குத் தூக்கி வந்து, முகத்தை நேரே வைத்துக்கொண்டு மாட்டினார். இரண்டு எட்டு சிமிட்ட வேண்டும். முதலாவது எட்டு. இரண்டாவது ஒன்பது. சந்தேகப்பட்டு இன்னொரு தரம் கழற்றி மாட்டினார். ஒன்பதுதான். இடப்பக்கத்துக் கீழ்க்கோடு இல்லை.

கட்டைவிரலை ஓரத்தில் வைத்து அமுக்கினார்.

அறுபத்தெட்டு.

விட்டார். அறுபத்தொன்பது. அமுக்கினார். அறுபத்தெட்டு.

"என்னாய்யா, அமுக்கி அமுக்கி வெளாண்டுக்கிட்டு இருக்க. எனக்கு ஏலத்துக்கு நேரமாவுது."

ஒரு எண் பாதி காணாமல் கோணலாய் நின்றிருந்தால் அன்றைக்கே கண்டிருப்பார். இது அப்படி இல்லை. அந்தக் கோடு போனால் எட்டு முழு ஒன்பதாகிவிடுகிறது, மூளியாய்த் தெரிகிறதில்லை. எத்தனை பேர் செட்டைப் பிரித்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார், கடைசியில் தன் அலமாரியில். இன்னும் ஒரே ஒரு தரம் அமுக்கியிருந்தால் அப்போதும் அறுபத்தொன்பது என்றுதான் காட்டியிருக்கும். ஆனால் அது நிஜ அறுபத்தொன்பதாக இருந்திருக்கும்.

அமுக்கின விரலை அவர் எடுக்காததைச் சின்னம்மாள் பார்த்துவிட்டாள். ஏலப் பேச்சை விட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னா செய்யணும் சொல்லு."

"கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா. மூணு தரம்."

கழுவிக்கொண்டு வந்தாள். செட்டின் முகப்பைப் பிரித்து, கண்ணாடியை எடுத்து அவள் விரல்களுக்கு நடுவே கொடுத்தார். "ஓரத்தப் புடி. நடுவுல தொடாத. அசையாத."

"மூச்சாவது உடலாமா?"

"மெதுவா உடு."

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு முதலில் வெளியே இருந்த பொட்டைத் துடைத்தார். ஒரே இழுப்பில் வரவில்லை. குங்குமம் சிவப்பாய்க் கரைந்தது. பிறகு ரப்பர் பட்டையை எடுத்து ஓரமாய் உருட்டி உருட்டித் துடைத்தார். அதன் நுனியில் ஒரு பொறுக்கு, அரிசியில் பாதி இருக்காது. போர்டில் வரிசையாய் இருந்த செம்புத் தடங்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்தார். அது பழைய காலத்துச் செட்டு, கோட்டுக்கு ஒரு தடம். ஒரு தடத்தின் மேல்தான் மஞ்சள் படிந்திருந்தது. பக்கத்துத் தடமெல்லாம் பளிச்சென்று இருந்தன. சின்னம்மாள் அதற்குள் ஊர்க்கதை ஒன்றைத் தொடங்கியிருந்தாள். அவர் உம் கொட்டினார். கொட்டிய பிறகுதான் கவனித்தார்.

மூடித் திருகாணி போட்டு கிளிப்பை மாட்டினார். இரண்டு எட்டும் முழுசாகச் சிமிட்டின. பிறகு அறுபத்தெட்டு வந்து நின்றது. ஒரு வருஷமாய்த் தான் உட்கார்ந்திருந்த இடம் எது என்று இப்போதுதான் அது சொல்கிறது.

சின்னம்மாளின் மெஷினையும் துடைத்துக் கொடுத்தார். அவள் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு ஏலக்கூடத்துக்குப் போனாள்.

வலை விடுகிற நேரம்தான். கண்ணாயிரம் மேல்பொத்தானை அமுக்கினார். ஒரே தரம்.

கொட்டகைக்குள் ஆட்கள் புகுந்த மாதிரி இருந்தது. ஒருவன் டீசலைப் பற்றிப் பேசினான், ஒருவன் இருமினான், எவனோ ஒருவன் மைக்கை அமுக்கியது தெரியாமல் பாட்டு முணுமுணுத்தான். பக்கிரியின் குரலைத் தேடினார். இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு இளவட்டக் குரல் ராகம் போட்டுச் சொன்னது:

"மாமா... வல உட்டாச்சி."

"சரிடா, போயித் தூங்கு," என்றது இன்னொரு படகு. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

கண்ணாயிரம் மைக்கை எடுத்தார்.

"சரி," என்றார்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"யாருப்பா அது?" என்றது இளவட்டக் குரல்.

"மாமா."

"எந்த மாமா?"

"கடலூரு. கண்ணாயிரம்."

"ஏ, இருங்கடா, சிரிக்காதீங்கடா," என்று அவன் மற்றவர்களை அதட்டினான். குரல் மாறியிருந்தது. "மாமா, நான் எழிலன். பக்கிரி அண்ணன் போட்டுல இருந்தவன். நீங்க நெசமாவே இருக்கீங்களா? நாங்க அது ஏதோ சாமி பேருன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருக்கோம்."

"பக்கிரி எங்க?"

"அவுரு கேரளா பக்கம் பூட்டாரு மாமா, பெரிய போட்டுக்கு. சித்திரையில போனாரு. போற வரைக்கும் தெனம் வல உட்டதும் இதத்தான் சொல்லுவாரு. பதிலே வராது. யாருகிட்டண்ணே பேசுறன்னு கிண்டல் பண்ணுவோம். 'கேட்டுக்கிட்டுத்தான்டா இருக்காரு, வாயத் தொறக்க மாட்டாரு, எங்க மாமா அப்பிடித்தான்'ம்பாரு. அவுரு போனப்பறமும் எங்களுக்குப் பழக்கம் உடல. வெளாட்டுக்குச் சொல்றதுதான். தப்பா எடுத்துக்காதீங்க."

கண்ணாயிரம் மைக்கைப் பிடித்துக்கொண்டே நின்றார். பொத்தானை அமுக்கவில்லை.

"மாமா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"தெவாளிக்கு வருவாரு. எதனா சொல்லணுமா?"

சொல்ல வேண்டியது ஒரு வருஷத்துக்கு இருந்தது. அன்றைக்குச் சொன்ன சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அத்தனை படகும் கேட்டுக்கொண்டிருந்தது.

"செட்டு ரிப்பேரா இருந்துச்சின்னு சொல்லு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"என்னா ரிப்பேரு மாமா, இத்தினி நாளு?"

மேஜையில் பஞ்சு கிடந்தது. மஞ்சளும் சிவப்புமாய். ஸ்பிரிட்டு காய்ந்துபோய்ச் சந்தன வாசம் மட்டும் நின்றிருந்தது. இது தெரிந்தால் பக்கிரி தலையில் அடித்துக்கொண்டு அழுவான். அப்படிப்பட்டவன்.

"உப்புக்காத்து," என்றார் கண்ணாயிரம்.

"ஆமாமாம், அது எதத்தான் உட்டு வெக்குது," என்றான் எழிலன். பிறகு வேறொரு படகு அவனைக் கூப்பிட, பேச்சு அந்தப் பக்கம் போனது. படகுகள் தெற்கே நகர நகரக் குரல்கள் ஒவ்வொன்றாய் மங்கின. கடைசியில் இரைச்சல் மட்டும் நின்றது. அறுபத்தெட்டில் கேட்ட அதே இரைச்சல்தான்.

வெளியே வெயில் இறங்கியிருந்தது. வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும். ஒருத்தருக்கு ஆக்குகிற சோறு, எப்போது வைத்தாலும் ஒன்றுதான். கண்ணாயிரம் செட்டைத் தூக்கிப் பழையபடி அலமாரியில் வைத்தார். எண் வாசலுக்கு நேரே தெரிகிறதா என்று தள்ளி நின்று பார்த்து, கொஞ்சம் திருப்பி வைத்தார். கதவைச் சாத்தினார். அன்றைக்குக் கிளிப்பைக் கழற்றவில்லை.